தனுஷ்கோடி நிலையம் யாருடையது?

தனுஷ்கோடிக்கு நான் முதன்முதலாகச் சென்றது 2003ஆம் ஆண்டில், தமிழ் முதுகலை இரண்டாமாண்டு மாணவனாக இருந்தபோது. முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் மணலிலும் ஈரச் சேற்றிலும் மீன் ஏற்றும் வேன்கள்தான் போகும். எலும்புகள் கழன்றுவிடும்போல் குலுங்கிக்கொண்டு நண்பர்கள் நால்வர் போய் இறங்கினோம். இரயில் நிலையத்தின் மிச்சமாகச் சில சுவர்கள் நின்றன. சற்றுத் தள்ளித் தண்ணீர்த் தொட்டியின் தூண்கள், அதற்கப்பால் கூரையற்ற தேவாலயம். நிலையச் சுவரின்மீது யாரோ வலையை விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். சுவரின் நிழலில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைய எனக்கு அது பொறுக்கவில்லை. "இது நினைவுச் சின்னம் இல்லையாம்மா, இதுல போய் வலையைக் காயப்போடலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கருவாட்டிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னார்: "தம்பி, இந்தச் செவுத்துக்கு அங்கிட்டு எங்கியோதான் எங்க சின்னம்மா கெடக்கு. நான் வலை போட்டா அது கோவிச்சுக்குமா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். கல்லூரி ஆசிரியனானபின் மாணவர்களை அழைத்துக்கொண்டு பலமுறை அங்கே போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாளின் கேள்வி முன்னால் வந்து நிற்கும். இரயில் வராமல் போன நிலையம் யாருக்குச் சொந்தம்? கட்டிய துறைக்கா, பார்க்க வருகிற நமக்கா, அதன் நிழலில் வாழ்ந்துகொண்டிருப்பவர்களுக்கா? இக்கேள்விக்கு விடை தேட, நிலையத்தின் கதையை முதலிலிருந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

1

சென்னைக்கும் கொழும்புக்கும் இடையிலான போக்குவரத்து முதலில் தூத்துக்குடி வழியாகவே நடந்தது. தூத்துக்குடி வரை இரயில், அங்கிருந்து இரவு முழுதும் கப்பல். இந்த நெடிய கடற்பயணத்தைக் குறுக்கும் எண்ணத்தில் தென்னிந்திய இரயில்வே இராமேசுவரம் தீவின் பக்கம் பார்வையைத் திருப்பியது. தீவின் தென்கிழக்குக் கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கடல்வழி ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். இடையிலிருந்த தடை மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவிலிருந்த கடல். 1911இல் பாலப்பணி தொடங்கியது. 145 கண்களும், கப்பல் கடக்க நடுவே பிளந்து எழும் செர்சர் தூக்குப் பகுதியும் கொண்ட பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அந்தப் பாலத்தின் பயனாகப் பிறந்ததுதான் தனுஷ்கோடி நிலையம்.

எழும்பூரில் ஏறும் பயணி கொழும்புக்கே பயணச்சீட்டு வாங்கிவிடலாம். 'போட் மெயில்' என்று மக்கள் அழைத்த அந்த வண்டி தனுஷ்கோடித் துறை வரை வரும். இறங்கி நீராவிக் கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்தால் அங்கே கொழும்பு வண்டி காத்திருக்கும். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் முதலில் ஓடின. பின்னர் இர்வின், கோஷன் வந்தன. நிலையத்தைச் சுற்றிச் சுங்க அலுவலகம், அஞ்சல் அலுவலகம், மருத்துவமனை, பள்ளி, தங்கும் விடுதிகள், ஊழியர் குடியிருப்புகள் என ஓர் ஊரே எழுந்தது. நிலையத்திற்காக வந்த ஊர் அது. மீனவக் குடிகளோ அதற்கும் முன்பிருந்தே அக்கரையில் இருந்தவர்கள். இவ்வேறுபாடு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

அவ்வழியே போனவர்களில் மேல்வகுப்புப் பயணிகளைப் பற்றிய செய்திகள்தாம் நூல்களில் அதிகம். எண்ணிக்கையில் மிகுந்தவர்களோ தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்கள். அம்மை, வாந்திபேதி நோய்கள் தொற்றாதிருக்க அவர்கள் மண்டபம் முகாமில் சில நாட்கள் அடைத்துவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேற விடப்பட்டனர். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' படித்தவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்தில் அவர்களுக்கு என்ன காத்திருந்தது என்பது தெரியும். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலித் தொழிலாளர் குடிபெயர்வதைத் தடைசெய்தது. அதுவரை அந்த நடைமேடை கண்ட முகங்கள் இலட்சக்கணக்கில் இருக்கும்.

அப்துல் கலாமின் 'அக்கினிச் சிறகுகள்' நூலிலும் இந்தப் பாதை வருகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் வண்டி நிற்பது இரத்துசெய்யப்பட்டது. செய்தித்தாள் கட்டுகளை இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஓடும் வண்டியிலிருந்தே வெளியே வீசினார்கள். அவற்றைப் பொறுக்கி எடுக்கும் வேலைதான் சிறுவன் கலாமின் முதல் சம்பாத்தியம். இப்படிப் பார்த்தால் ஊரின் பொதுவாழ்வோடு இரயில் பின்னிக் கிடந்தது என்பது விளங்கும்.

2

1964 டிசம்பர் 22 நள்ளிரவு பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். தெற்கு அந்தமான் கடலில் உருவாகி, இலங்கையின் வவுனியாப் பகுதியைத் தாக்கிவிட்டு வந்த புயல் அன்றிரவு தனுஷ்கோடியில் கரையேறியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் வண்டி நிலையத்தை நெருங்கும்போது கைகாட்டி விளக்கு எரியவில்லை. ஓட்டுநர் நெடுநேரம் ஊதல் ஒலித்துக் காத்திருந்து, பின் துணிந்து வண்டியை நகர்த்தினார் என்பர். எழுந்து வந்த பேரலை வண்டியை முழுதாக விழுங்கியது. இரயில்வே கணக்கில் பயணிகளும் ஊழியர்களுமாக 115 பேர். சீட்டு வாங்காமல் ஏறியவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும் என்பது ஊரார் கருத்து. புயலில் மொத்தமாக இறந்தோர் ஏறத்தாழ 1,800 பேர் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அதன்பின் நடந்தவற்றில் இரண்டை மட்டும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும்.

பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 120க்கும் மேற்பட்டவை கடலில் விழுந்திருந்தன. தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. ஆறு மாதத்தில் சீர்செய்யத் திட்டமிட்டு, அதனை மூன்று மாதமாகக் குறைத்தது இரயில்வே. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் பாலத்தை நிறுத்திக் காட்டினார். கடலடியில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து மீண்டும் பொருத்தினார்கள். அவை கிடந்த இடங்களைக் கண்டறிய மீனவர்கள் உதவினர் என்பர்.

இது ஒன்று. மற்றொன்று, இராமேசுவரம் தீவில் தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதை இன்றுவரை மீண்டும் போடப்படவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு ஊரை அறிவித்தது. இலங்கைக் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் இலங்கையில் கலவரம் மூண்ட காலத்தில் அதுவும் நின்றது. தேவைப்பட்ட பாலம் ஒன்றரை மாதத்தில் எழுந்தது. தேவை தீர்ந்த ஊரை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

அரசைக் குறை சொல்வது எளிது. அப்படியொரு மணல்திட்டில் மீண்டும் நகரம் எழுப்பியிருந்தால் இன்னொரு புயலுக்கு இன்னும் எத்தனை உயிர் கொடுத்திருப்போமோ தெரியாது. ஆகவே நகரத்தைக் கைவிட்ட முடிவைத் தவறென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் 'வாழத் தகுதியற்ற இடம்' என்ற தொடர் ஊழியர்களுக்கும் வணிகர்களுக்கும் பொருந்தியதைப்போல மீனவர்களுக்குப் பொருந்தவில்லை. ஊழியருக்கு வேறு நிலையம் கிடைக்கும். வணிகருக்கு வேறு சந்தை கிடைக்கும். ஒருபுறம் மன்னார் வளைகுடா, மறுபுறம் பாக் நீரிணை என இருகடல் சேரும் அந்தக் கரையைப்போல் வேறு கரை மீனவருக்கு எங்கே கிடைக்கும்? பருவத்திற்கேற்ப ஒரு கடல் கொந்தளிக்கும்போது மறுகடல் அடங்கியிருக்கும் என்பது அங்குள்ள கரைவலைக்காரர்களின் கணக்கு. அவர்கள் திரும்பி வந்தார்கள்.

3

திரும்பி வந்தவர்களுக்கு மின்சாரம் இல்லை, குழாய்நீர் இல்லை, சாலை இல்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தபின் அங்கே வசதி செய்துகொடுக்க விதியும் இல்லை. கடலிலிருந்து சில அடி தள்ளி மணலைத் தோண்டினால் நன்னீர் ஊறும். பெண்கள் அதைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்புவதை நான் பார்த்திருக்கிறேன். மாணவர்கள் குடித்துப் பார்த்துவிட்டு உப்பே இல்லையே என்று வியப்பார்கள். வீடுகள் பனையோலையும் சவுக்குக் கம்புமாக நின்றன. காற்றுக்கு மறைவு, வெயிலுக்கு நிழல், வலை உலர்த்த உயரம் ஆகிய மூன்றையும் அந்த வெட்டவெளியில் தரக்கூடியவை இடிந்த சுவர்கள் மட்டுமே. பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பழைய கட்டடங்கள் அவர்களுக்கு அப்படித்தான் பயன்பட்டன.

வண்டிகளில் வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கியபின் நிலையத்தின் பக்கம் வேறொரு வாழ்வு கூடியது. சிப்பி மாலை, சங்கு, பாசி விற்கும் ஓலைக் கொட்டகைகள் வந்தன. மீன் பொரித்துத் தரும் கடைகள் வந்தன. வேன்கள் வந்து நின்று ஆளை இறக்கி ஏற்றும் இடமாக அது ஆயிற்று. பயணிகள் வந்து இறங்குகிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள், பொருள் வாங்குகிறார்கள், புறப்படுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் ஓர் இரயில் நிலையம் செய்யும் வேலை அதுதான். இரயில் மட்டும் இல்லை. எந்தத் துறையும் ஆணை போடாமல், எந்தக் கட்டடக் கலைஞரும் வரைபடம் தீட்டாமல், அந்த இடம் ஊர்ப்பொதுவாக மாறிவிட்டது.

2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான சாலை திறக்கப்பட்டது. அதன்பின் கூட்டம் பன்மடங்கானது. வேன் ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு அந்த வருமானம் போயிற்று. கடை வைத்தவர்களுக்கு வருமானம் கூடியது. அதேவேளை சுவர்களின்மீது ஏறிப் படமெடுப்பதும், பெயர் செதுக்குவதும், நினைவுப்பொருளாகக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவதும் பெருகின. நான் முதலில் கண்டதைவிட இன்று நிலையம் குறைந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக வலை காயப்போட்டவர்களால் விழாத சுவர் நம்மைப்போன்ற பார்வையாளர்களால் விழுகிறது என்பதை மனம் கூசினாலும் சொல்லத்தான் வேண்டும்.

4

இரயில் நின்றபின் நிலையங்கள் வேறு பயன்பாடு பெறுவது உலகெங்கும் நடப்பதே. பாரிசில் 1900இல் திறக்கப்பட்ட ஓர்சே நிலையம் 1986இல் அருங்காட்சியகமாயிற்று. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு நமக்கு இன்னும் நெருக்கமானது. மலாயா இரயில் பாதையின் தஞ்சோங் பகார் நிலையம் 1932இல் எழுந்தது. 2011 ஜூன் 30 அன்று அங்கிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. தண்டவாளம் கிடந்த 24 கிலோமீட்டர் நிலம் மக்கள் நடக்கும் பசுமைவழியாக மாறியது. வழியிலிருந்த புக்கித் தீமா என்னும் சிறு நிலையம் பழுதுபார்க்கப்பட்டு 2022 ஜூலையில் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. ஊழியர் குடியிருப்பு அங்கே சிற்றுண்டிக் கூடமாக இருக்கிறது.

படிக்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்விடங்களில் எல்லாம் முதலில் பாதுகாப்பு வந்தது, பிறகு பயன்பாடு வந்தது. தனுஷ்கோடியில் முறை தலைகீழ். பயன்பாடு முன்பே இருக்கிறது, பாதுகாப்பு இனிமேல்தான் வரவேண்டும். வெளிநாட்டு மாதிரியை அப்படியே கொண்டுவந்தால் முதல் வேலையாகக் கொட்டகைகளை அகற்றிக் கம்பிவேலி போட்டுவிடுவார்கள். என் அச்சம் இதுவே.

வெளிநாடு போகாமல் பக்கத்திலேயே ஒரு படிப்பினை இருக்கிறது. முன்னே சொன்ன மண்டபம் முகாமைப் பாருங்கள். தொழிலாளரைச் சோதித்து அனுப்பிய அதே மண்டபம் முகாமுக்கு 1949இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அதன் தலைமையகம் 1971இல் கொச்சிக்கு மாறியபின்னும் மண்டபத்தில் ஆய்வுப்பணி தொடர்கிறது. 1964 அக்டோபர் 30இல், அதாவது புயலுக்கு இரண்டு மாதம்கூட முன்பில்லாத நாளில், சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. எந்த முகாம் வழியாகப் பாட்டன்மார் போனார்களோ அதே முகாமுக்குப் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். 1983க்குப்பின் போருக்குத் தப்பிய ஈழத்தமிழர் வந்தனர். அகதிகள் முகாம் என்ற பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது. மண்டபத்தின் கட்டடங்களுக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் புதுப்பயன் கிடைத்தது. ஆனால் அங்கே தங்கியிருந்தவர்களிடம் 'இவ்விடம் உங்களுக்கு என்னவாக இருக்கவேண்டும்' என்று எவரும் கேட்டதில்லை. தனுஷ்கோடியிலாவது அந்தக் கேள்வியைக் கேட்கலாம் அல்லவா?

5

திட்டங்களுக்குக் குறைவில்லை. 2019 மார்ச் 1 அன்று இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் புதிய இருப்புப்பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சூழலியல் காரணங்களால் மாநில அரசு அதனை விரும்பவில்லை என்று இரயில்வே தரப்பு பின்னர் சொன்னது. 2025 ஏப்ரல் 6இல் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி பழையதைப்போலப் பிளந்து எழாமல் அப்படியே மேலே உயர்கிறது. 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியின் ஈரநிலம் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுற்றுலா, இரயில், பறவை என்று ஒவ்வொரு துறையும் அந்த மணல்திட்டில் தனக்கொரு பங்கைக் காண்கிறது. ஒவ்வொன்றுக்கும் தக்க நியாயமும் உண்டு. பூநாரை வரும் நீர்ப்பரப்பைக் காக்கவேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

நான் சொல்ல வருவது சிறியது. நிலையத்தின் எஞ்சிய சுவர்களைத் தாங்கி நிறுத்தவேண்டும். ஏறுவதையும் பெயர்ப்பதையும் தடுக்கவேண்டும். இறந்தவர்களை நினைவுகூர அங்கே ஓர் எளிய கல் போதும். காவல் பணியையும், வருவோருக்குக் கதை சொல்லும் பணியையும் அக்கரையின் பிள்ளைகளுக்கே கொடுக்கலாம். புயல் எச்சரிக்கை வரும்போது ஓடி ஒதுங்கவும், மற்ற நாளில் வலை பின்னவும் பிள்ளைகள் படிக்கவும் உதவும் ஓர் உறுதியான பொதுக்கூடம் பழைய சுவர்களைத் தொடாமல் அருகே எழுந்தால், நிலையம் உண்மையிலேயே ஊருக்குத் திரும்பியதாகும். வலை காயும் இடத்தை அவர்களே முடிவு செய்யட்டும். இவை அத்தனையும் அவர்களைக் கூட்டிக் கேட்டபின் மாறலாம். மாறினாலும் குற்றமில்லை.

அகநானூற்றின் எழுபதாம் பாடலை ஒவ்வோராண்டும் வகுப்பில் நடத்துகிறேன். மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய நெய்தல் பாட்டு. பாண்டியரின் பழமையான கோடியில், கடல் முழங்கும் துறையருகே, ஆலமரத்தடியில் இராமன் மறைபொருள் பேசியபோது பறவைகளின் ஒலியை அடக்கினான் என்றும், அந்த ஆலமரம்போல அலர் தூற்றிய ஊர் வாயடங்கிற்று என்றும் தோழி கூறுகிறாள். அந்தக் கோடி தனுஷ்கோடியே என்பார் உண்டு, கோடிக்கரை என்பாரும் உண்டு. நெடுங்காலம் நான் அந்த ஆலமரத்தின் அமைதியைத்தான் விரித்துரைப்பேன். புயலுக்குப் பின்னான தனுஷ்கோடியின் அமைதியோடு ஒப்பிடுவேன். மாணவர்களுக்கும் பிடிக்கும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "ஐயா, பாட்டு அங்கே தொடங்கவில்லையே" என்றாள். உண்மைதான். பாட்டு பரதவரிடம் தொடங்குகிறது. வேட்டை வாய்த்த மகிழ்ச்சியில் தம் வலையைப் பாராட்டி, புலவு நாறும் சிறுகுடியில் கொழுத்த அயிலை மீனை எல்லார்க்கும் பகுத்துக் கொடுக்கிறார்கள். இராமனும் ஆலமரமும் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். அந்தப் பெண் மண்டபத்தைச் சேர்ந்தவள், மீனவர் வீட்டுப் பிள்ளை. 2003இல் நிலையச் சுவரடியில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்த அம்மாளை அப்போது நினைத்துக்கொண்டேன். இருவரும் எனக்குச் சொன்னது ஒன்றையேதான்.